ஆலயத்தின் ஆடும் பெஞ்சுகள்: ஒரு கோடை வார இறுதியில் ஒட்டியது

நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு, இடப்பக்க வரிசையில் நான்காவது பெஞ்சின் சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும், அப்புறம் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கீழே குனிந்து, நீளக் கட்டை காலுக்குள் நுழையும் இடத்தை நகத்தால் தடவினேன். நகம் எங்கும் மாட்டவில்லை. ஒட்டிய பிறகு இது மூன்றாவது ஞாயிறு. இனி எழுதலாம்.

போன கோடையிலும் இதே பெஞ்சை ஒட்டினேன். சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் பசை வைத்தேன். மறுநாள் காலை 8:30க்கு அதில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது கட்டை விட்டுப்போன சத்தம் பாடற்குழு நிற்கும் இடம் வரைக்கும் கேட்டது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாவது வரிசையில் உட்காரும் பாட்டி ஒருவருக்கு முழங்கால் வலி. முன்னால் இருக்கும் இந்தப் பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துத்தான் எழுவார். கைக்குக் கீழே அது நகர்ந்ததும் தடுமாறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாட்டுக்கு எழுவதையே விட்டுவிட்டார், உட்கார்ந்தபடியேதான் பாடுவார். ஒரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

இந்த முறை இரண்டு பெஞ்சு. இடப்பக்க நான்காவதும், அதற்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி ஒன்றும். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார இறுதி. அதிலேயே சனிக்கிழமை விடிகாலை 16 கிலோமீட்டர் ஓட்டம், மதியம் அண்ணன் குடும்பம் விடுமுறைக்கு வருகிறது, ஞாயிறு 7:45க்குப் பாடற்குழு ஒத்திகை, 8:30க்கு ஆராதனை. வெள்ளி மாலை 6 மணியிலிருந்து எண்ணினால் 38 மணி நேரச் சொச்சம். எதை எதற்கு முன்னால் வைப்பது என்பதுதான் இந்த வேலையில் பாதி. அதில் ஓரிடத்தில் தப்பும் செய்தேன்.

பெஞ்சின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளம் 2.4 மீட்டர். இரு முனையிலும் ஒவ்வொரு கால் சட்டம், நடுவில் ஒன்று, ஆக ஆறு கால்கள். முனைச் சட்டத்துக்கும் நடுச் சட்டத்துக்கும் இடையில் நீளவாக்கில் இரண்டு கட்டைகள், மறுபாதியிலும் அதே மாதிரி இரண்டு. ஒவ்வொரு கட்டையின் முனையிலும் ஒரு நாக்கு செதுக்கியிருக்கும், அது காலில் இருக்கும் துளைக்குள் போய் உட்காரும். நாக்கின் நீளம் 40 மில்லிமீட்டர், அகலம் 50, கனம் 12. ஒரு பெஞ்சுக்கு எட்டு இணைப்புகள். பக்கவாட்டில் ஆடுவது இந்த எட்டில் எது தளர்ந்தாலும் வரும். முதல் பெஞ்சில் ஐந்து தளர்ந்திருந்தன. அதை முழுவதும் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஒரு பாதியில் மட்டும் மூன்று, அந்தப் பாதியின் நான்கையும் பிரித்தோம். ஒட்டவேண்டியது மொத்தம் 12 இணைப்பு.

வெள்ளி மாலை

என்னோடு ஓடுகிறவர்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் 6 மணிக்கே ஆலயத்தின் பின்பக்கக் கொட்டகைக்கு வந்துவிட்டார். பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்து வைத்தோம். முதல் வேலை, போன வருடம் நான் போட்ட ஸ்க்ரூக்களைக் கழற்றுவது. பசையை மட்டும் நம்பாமல் காலின் வெளிப்பக்கத்திலிருந்து நாக்குக்குள் ஸ்க்ரூ இறக்கியிருந்தேன். மொத்தம் ஆறு. நான்கு ஒழுங்காக வந்தன. ஐந்தாவதன் தலை மழுங்கிப் போயிருந்தது. ஒரு அகலமான ரப்பர் பேண்டைத் தலைமேல் வைத்து ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருப்பினேன், பிடித்துக்கொண்டு வந்தது. ஆறாவதற்கு அதுவும் உதவவில்லை. 5 மில்லிமீட்டர் துளையாணியால் தலையைத் துளைத்து எடுத்துவிட்டு, மீதியைக் குறட்டால் பிடுங்கினோம்.

அந்த ஆறில் ஒன்று நாக்கை நீளவாக்கில் பிளந்துவிட்டிருந்தது. மரத்தின் ரேகைக்கு நடுவே முன்துளை போடாமல் இறக்கினால் அப்படித்தான் ஆகும். ஸ்க்ரூ இணைப்பை இறுக்கவும் இல்லை, மரத்தைக் கெடுத்துவிட்டது. இனி இந்த மாதிரி இணைப்பில் நான் ஸ்க்ரூவைத் தொடமாட்டேன்.

கொட்டாப்புளியால் நேரே அடிக்காமல், ஒரு மரத்துண்டைக் காலின் மேல் வைத்து அதன்மேல் தட்டித் தட்டிப் பிரித்தோம். மாறி மாறி இரு பக்கமும் தட்டவேண்டும், ஒரே பக்கம் தட்டினால் நாக்கு துளைக்குள் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றும் வெளியே வந்தபோது போன வருடத் தோல்வியின் காரணம் கண்ணுக்கு நேரே இருந்தது. நாக்கின்மேல் பழுப்பாக, கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பழைய பசை. அதன்மேல் நான் வைத்த வெள்ளைப் பசை தோல் உரிவது போல ஒரே தகடாக உரிந்து வந்தது. காய்ந்த பசையின்மேல் புதுப் பசை பிடிக்காது, அதற்கு மரத்தின் நுண்துளை வேண்டும். அப்பா அப்போதே சொன்னார், "பசைய சுரண்டாம பசை வைக்காதம்மா" என்று. நேரமில்லை என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

வெர்னியரால், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் அளவுகோலால், 12 நாக்குகளையும் அளந்தேன். ஒன்பது 11.8க்கு மேலே. மூன்று மட்டும் தேய்ந்து 10.5 ஆகியிருந்தன. துளையில் போட்டால் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. மரப்பசை இவ்வளவு இடைவெளியை நிரப்பித் தாங்காது, மரமும் மரமும் ஒட்டி உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். அதனால் அந்த மூன்றை மட்டும் அன்றிரவே சுரண்டிச் சுத்தம் செய்து, அரை மில்லிமீட்டர் வெனீர் (மெல்லிய மரத்தகடு) துண்டுகளை ஒரு பக்கம் இரண்டு அடுக்கு, மறுபக்கம் ஓர் அடுக்கு என்று ஒட்டினோம். வெனீரின் ரேகையும் நாக்கின் ரேகையும் ஒரே திசையில் ஓடும்படி வைத்தோம். பிளந்த நாக்கும் இந்த மூன்றில் ஒன்றுதான். பிளவுக்குள் மெல்லிய தகட்டால் பசையைத் தள்ளி, எல்லாவற்றையும் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இறுக்கிச் சுற்றிவிட்டோம். பசை டியூபில் ஒட்டாமலிருக்க நடுவில் ஒரு பாலிதீன் தாள். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கருவிகளில், டியூபைவிட நல்ல சின்ன கிளாம்பு கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும்.

பிரிக்கும்போதே ஒவ்வொரு நாக்கிலும் பென்சிலால் எண் போட்டேன், அதற்குரிய துளையின் பக்கத்திலும் அதே எண். போன வருடம் செய்யாததைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது. அதுவும் பாதி தப்பு, மறுநாள் தெரிந்தது. 9:15க்குக் கொட்டகையைப் பூட்டினோம்.

சனி, விடிவதற்கு முன்

ஓட்டத்தையும் இதில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்றைய மரவேலையைக் கெடுத்தது அதுதான். ஓட்டம் மட்டும் நன்றாகப் போனது.

மூன்று வாரம் முன்பு இதே 16 கிலோமீட்டரை 5:45க்குத் தொடங்கி, குளிர்காலத்தில் ஓடும் அதே வேகத்தில், கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 நொடி என்று ஓடினேன். 11வது கிலோமீட்டரில் வியர்வை கொட்டும்போதே கையில் மயிர்க்கூச்செறிந்தது, தலை சுற்றியது. அது நிறுத்தச் சொல்லும் அடையாளம். நிழலில் உட்கார வைத்துக் கழுத்திலும் தலையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றே தீர்மானித்தது இரண்டு. கிளம்புவது ஒரு மணி நேரம் முன்னால், வேகத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் தினமும் 40 நிமிடம் மெதுவாக வெயில் வரும் நேரத்திலேயே ஓடினேன். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும், அதைக் குறுக்குவழியில் முடிக்க முடியாது.

அன்று 4:45க்கு நான்கு பேர் கிளம்பினோம். வெப்பம் 29 டிகிரி. அண்ணா சொல்லும் ஒரே விதி, "வேகத்த விடும்மா, பேச முடியுதான்னு பாரு." முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரி, வார்த்தை வார்த்தையாக வந்தால் வேகம் அதிகம். முதல் பாதி முழுவதும் பெஞ்சைப் பற்றித்தான் பேசினோம். எத்தனை கிளாம்பு இருக்கிறது, யார் எப்போது வருவது என்றெல்லாம் அங்கேயே பிரித்துக்கொண்டோம்.

இடுப்புப் பையில் 750 மில்லி. ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று கலந்தது. உப்புக் கரண்டியைத் தலைதட்டித்தான் அளக்கவேண்டும், கண்ணால் போடக்கூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு குடித்தேன். முடிக்க ஆனது 1 மணி 57 நிமிடம். கிலோமீட்டருக்கு 7:20 வருகிறது. முன்னைவிட 50 நொடி மெதுவாக ஓடி, கடைசிக் கிலோமீட்டரிலும் பேசிக்கொண்டே வந்தோம்.

ஓடுவதற்கு முன் எடை 58.4 கிலோ, ஓடித் துடைத்த பிறகு 57.1. குறைந்தது 1.3 கிலோ, குடித்தது 0.75 லிட்டர். இரண்டையும் கூட்டினால் வியர்வையில் போனது ஏறக்குறைய 2 லிட்டர், மணிக்கு ஒரு லிட்டர் கணக்கு. எடையில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இழந்திருக்கிறேன். அடுத்த முறை ஒரு லிட்டர் எடுத்துப்போகவேண்டும். அதற்கு மேல் வேண்டாம், வியர்த்ததைவிட அதிகமாகக் குடிப்பதும் ஆபத்துதான்.

சனி காலை, உளி

வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, 8 மணிக்குக் கொட்டகையில் இருந்தேன். மிச்சம் ஒன்பது நாக்கும் 12 துளையும் சுத்தம் செய்யவேண்டும். வெள்ளை வினிகரை லேசாகச் சூடாக்கி, துணியில் நனைத்து நாக்குகளைச் சுற்றினேன். துளைகளுக்குள் பஞ்சை நனைத்து வைத்தேன். அரை மணி நேரத்தில் பழைய பசை ரப்பர் மாதிரி இளகிவிட்டது. அதற்குப் பிறகு உளியைக் கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிடித்து, செதுக்காமல் சுரண்டவேண்டும். பசை வரவேண்டும், மரம் வரக்கூடாது.

இங்கேதான் ஓட்டம் குறுக்கே வந்தது. கால் வலிக்கவில்லை, மூச்சு இரைக்கவில்லை, நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு கைகளில் ஒரு மெல்லிய நடுக்கம் இருந்தது, கவனமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கேயோ போய்வந்தது. நான்காவது நாக்கில் உளி வழுக்கி, நாக்கு தொடங்கும் தோள்பட்டையில் 8 மில்லிமீட்டர் சிராய் ஒன்றைப் பெயர்த்துவிட்டது. உளி போன திசையில் என் இடது கை இல்லாதது ஆண்டவர் கிருபை. பெயர்ந்த துண்டைத் தேடி எடுத்து, பசை வைத்து, ஒட்டுத்தாளால் இறுக்கி அதே இடத்தில் உட்கார வைத்தேன். உளியைக் கீழே வைத்துவிட்டு 20 நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். அதற்குள் ஓட்ட நண்பர்கள் இரண்டு பேர் வந்து மீதியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் ஓடியவர்கள்தான். ஆனால் ஆளுக்கு மூன்று நாக்கு என்று பிரித்ததால் அவசரம் போய்விட்டது.

சுரண்டியதும் ஈரத்துணியால் வினிகரைத் துடைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கினோம். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று ஒரு கட்டையைக் கொண்டுபோய் வைத்தார் ஒருவர், பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்துவரச் சொன்னேன். ஒரு முகம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் கட்டை வளையும். நிழலில் இரண்டரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. கோடை இந்த ஒரு விஷயத்தில் நல்லது செய்தது.

அப்புறம்தான் எண்கள் போய்விட்டதைப் பார்த்தேன். நாக்கின்மேல் பென்சிலால் எழுதியது வினிகரோடு போய்விட்டது. துளைப் பக்கத்து எண் மட்டும் இருந்தது. ஒவ்வொரு நாக்கையும் ஒவ்வொரு துளையிலும் போட்டுப் பார்த்து ஜோடி கண்டுபிடிக்க 40 நிமிடம் போனது. ஒட்டுத்தாளில் எழுதிக் கட்டையின் நடுவில், ஈரம் படாத இடத்தில் ஒட்டியிருக்கவேண்டும்.

பசை

அண்ணன் 1 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான், 11:20க்கே வந்துவிட்டான். அண்ணி, அம்மா, இரண்டு பிள்ளைகள், பெட்டிகள், எல்லாரும் நேரே கொட்டகைக்கே. முதலில் எனக்குப் பதற்றமாகத்தான் இருந்தது, மேசை முழுக்கக் கட்டைகள். ஆனால் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு "என்ன பண்ணணும் சொல்லு" என்றதும் பாரம் குறைந்தது. அம்மாவையும் சின்னவனையும் வீட்டுக்கு அழைத்துப்போன அண்ணி, மதியம் எல்லாருக்கும் சாப்பாட்டோடு திரும்பி வந்தார். ஒன்பது வயது அண்ணன் மகள் நகரமாட்டேன் என்றுவிட்டாள். அவளிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, நிமிடம் சொல்லும் வேலையைக் கொடுத்தேன்.

பசை இல்லாமல் ஒருமுறை முழுவதையும் சேர்த்துப் பார்த்தோம். வெனீர் ஒட்டிய மூன்று நாக்கில் இரண்டு கொஞ்சம் இறுக்கம், 120 எண் உப்புத்தாளால் நாலு இழுப்பு. கையால் தள்ளினால் பாதி தூரம் போய், மீதிக்குக் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டவேண்டும். அதுதான் சரியான அளவு. சும்மாவே முழுவதும் போனால் தளர்வு, பலமாக அடிக்கவேண்டியிருந்தால் பசை வைத்ததும் மரம் உப்பி நடுவழியில் நின்றுவிடும்.

1:10க்கு முதல் பெஞ்சின் முதல் பாதி. நான்கு இணைப்பு. நான் ஒருத்தியே ஒவ்வொன்றாக நாக்கிலும் துளையிலும் தூரிகையால் தடவிக்கொண்டு போனேன். மூன்றாவதை முடிக்கும்போது "அத்தை, ஆறு நிமிஷம் ஆச்சு" என்றாள். முதலாவதைத் தொட்டுப் பார்த்தேன், பசை மேலே ஆடை கட்டியிருந்தது. வழக்கமாகப் பத்து நிமிடம் தாங்கும் பசை, கொட்டகையின் சூட்டில் பாதியில் காய ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். இன்னொரு போன வருடத்துக்கு நான் தயாராக இல்லை.

இரண்டாம் முறை ஏற்பாட்டை மாற்றினோம். பசைப் புட்டியை ஒரு வாளித் தண்ணீரில் வைத்தோம். நான் நாக்குகளுக்கு, நண்பர் ஒருவர் துளைகளுக்கு, இரண்டு தூரிகை ஒரே நேரத்தில். அண்ணனும் அண்ணாவும் ஆளுக்கொரு சட்டத்தைப் பிடித்துத் தயாராக நின்றார்கள். பசை தொட்டதிலிருந்து கட்டைகள் உட்காரும்வரை மூன்றரை நிமிடம். நாக்கின் தோள்பட்டை காலோடு சேரும் கோடு முழுவதும் சின்னச் சின்ன முத்தாகப் பசை வெளியே வந்தது. அது வந்தால் உள்ளே போதுமான பசை இருக்கிறது என்று அர்த்தம். வழிந்ததை உடனே துடைக்காமல், முக்கால் மணி நேரம் கழித்து ரப்பர் பதத்தில் உளி நுனியால் நீவி எடுத்தோம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மரத்தின் ரேகைக்குள் தேய்ந்து, பிறகு வார்னிஷ் ஏறாத வெள்ளைத் திட்டாகிவிடும்.

நீளமான கிளாம்பு இரண்டுதான் கடன் கிடைத்தது. தேவை ஆறு. மீதிக்குக் கயிறு. இரு சட்டத்தையும் சுற்றி இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கிக்கொண்டே போனால் நல்ல இறுக்கம் வரும். குச்சியைக் கட்டையோடு கட்டி நிறுத்திவிடலாம். முதலில் நைலான் கயிறு போட்டோம். கால் மணி நேரத்தில் தொட்டால் தொய்ந்திருந்தது. நைலான் இழுவையில் நீள்கிறது. அவிழ்த்துப் பருத்திக் கயிறு மாற்றினோம், அது நின்றது. கயிறு படும் மூலைகளில் டியூப் துண்டு வைத்தோம், இல்லாவிட்டால் மரத்தில் தடம் விழும்.

இறுக்கியதும் மூலைவிட்டங்களை டேப்பால் அளக்கவேண்டும். முதல் பாதியில் இரண்டுக்கும் 9 மில்லிமீட்டர் வித்தியாசம், சட்டம் சாய்ந்திருக்கிறது. நீளமான மூலைவிட்டத்தின் திசையில் ஒரு கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டு இறுக்கியதில் 1 மில்லிமீட்டருக்குள் வந்தது. பசை ஈரமாக இருக்கும் பத்து இருபது நிமிடத்துக்குள்தான் இதைச் செய்யமுடியும்.

கடைசி இணைப்பு முடிந்தபோது மணி 3:05.

நாற்காலிகள்

மரப்பசை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடும், கிளாம்பைக் கழற்றலாம். ஆனால் முழு வலு வர 24 மணி நேரம். ஞாயிறு காலை 8:30க்கு 17 மணி நேரம்தான் ஆகியிருக்கும். போன வருடம் நான் செய்த இரண்டாவது தப்பு இதுதான், பதினொன்றரை மணி நேரத்தில் ஆறு பேரை உட்கார வைத்தது. இரண்டு வரிசை காலியாக இருந்தால் நன்றாக இருக்காதே என்று அன்று நினைத்தேன். இந்த முறை சபை மூப்பர் ஒருவரிடம் போய், "ஐயா, இந்த ஞாயிறு இரண்டு பெஞ்சும் உள்ளே வராது" என்று நேரே சொன்னேன். "அதுக்கென்னம்மா, நாற்காலி போடுவோம்" என்றார். பன்னிரண்டு நாற்காலி. அவ்வளவுதான் விஷயம். ஞாயிறு காலைக்குள் முடிக்கவேண்டும் என்ற கெடுவை நானே எனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் முழுவதும் வீட்டுக்காரர்களோடுதான். ராத்திரி 9 மணிக்கு முன்பே தூங்கிவிட்டேன்.

ஞாயிறு

ஒத்திகை, ஆராதனை, வெளியூரிலிருந்து வந்த அண்ணன் குடும்பத்தை எல்லோரும் விசாரிப்பது, மதியச் சாப்பாடு. 3:30க்கு மறுபடி கொட்டகை. கயிறுகளை அவிழ்த்தோம். முதல் பெஞ்சில் ஆறு பெரியவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுந்தோம், பத்து முறை. மரத்திலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

இரண்டாவது பெஞ்சு பக்கவாட்டில் ஆடவில்லை, ஆனால் நொண்டியது. உள்ளே கொண்டுபோய்ச் சமமான தரையில் வைத்துப் பார்த்தால், ஒரு முனையின் பின்கால் தரையிலிருந்து 4 மில்லிமீட்டர் மேலே நின்றது. காரணம் தேடி மறுபடி கொட்டகைக்குப் போனேன். தண்ணீர் வடிவதற்காகச் சிமெண்ட் தரையின் நடுவில் ஒரு தாழ்வு விட்டிருக்கிறார்கள். முதல் பெஞ்சு தற்செயலாகத் தாழ்வுக்கு வெளியே இருந்தது. இரண்டாவதை அந்தத் தாழ்வின் மேலேயே வைத்து ஒட்டியிருக்கிறோம். பாதிச் சட்டம் அந்த முறுக்கோடு காய்ந்துவிட்டது. சமதளம் பார்க்கும் ரச மட்டம் கையில் இருந்தும் தரையில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மற்ற ஐந்து காலையும் 4 மில்லிமீட்டர் அறுப்பதா, இந்தக் காலுக்குக் கீழே சேர்ப்பதா என்று அண்ணாவுக்கும் எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு. பழைய மரத்தை அறுத்துவிட்டால் திரும்ப வராது, சேர்த்ததை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சேர்ப்பது என்று முடிவானது. அன்றைக்கு மடித்த அட்டை வைத்து நிறுத்தினோம். அடுத்த சனிக்கிழமை கடினமான மரத்தில் 4 மில்லிமீட்டர் துண்டு ஒன்றைக் காலின் அளவுக்கே அறுத்து ஒட்டி, உப்புத்தாளால் விளிம்பைச் சமப்படுத்தினேன். இப்போது ஆறு காலும் தரையைத் தொடுகின்றன.

செலவு, நேரம், மாற்றவேண்டியது

பசையில் அரைக் கிலோ புட்டியில் பாதிக்கும் குறைவாகத்தான் போனது. துடைத்து வீணானதும் அதில் சேர்த்தி. 80, 120 எண் உப்புத்தாள் நான்கு, வினிகர் முக்கால் லிட்டர், பருத்திக் கயிறு 15 மீட்டர். வெனீரும் டியூபும் வீட்டில் கிடந்தவை. எல்லாம் சேர்ந்து என் ஒரு ஜோடி ஓட்டக் காலணி விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. உண்மையான செலவு ஆட்களின் நேரம்தான். வெள்ளி மூன்று மணி நேரம், சனி ஏழு, ஞாயிறு ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று. சனிக்கிழமை சில நேரம் ஐந்து பேர் இருந்தோம், இரண்டு பேராக இருந்திருந்தால் பசை வேலை நடந்திருக்காது.

அடுத்த முறை உளி வேலை முழுவதும் வெள்ளி இரவே, 16 கிலோமீட்டருக்கு முன்னால். ஓடிவந்த பிறகு துடைப்பது, அடுக்குவது, பிடிப்பது மட்டும். பசை வைப்பது உச்சி வெயிலில் வேண்டாம், 10 மணிக்குள் முடிக்கவேண்டும், அப்போது ஞாயிறு ஆராதனைக்கு 22 மணி நேரம் ஆகியிருக்கும். அப்படியிருந்தாலும் நாற்காலிதான். தரையை முதலில் ரச மட்டம் வைத்துப் பார்ப்பது.

நேற்று இரண்டாம் பாட்டுக்கு நான் பாடற்குழுவில் நின்றுகொண்டு ஐந்தாவது வரிசையைத்தான் பார்த்தேன். பாட்டி முதலில் முன் பெஞ்சின் சாய்மானத்தை ஒரு கையால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் வைத்து எழுந்து, கடைசிச் சரணம் வரைக்கும் நின்றார்.

வலப்பக்க இரண்டாவது வரிசையிலும் ஒன்று ஆட ஆரம்பித்திருக்கிறது. கிளாம்பு நான்கு கேட்டு வைத்திருக்கிறேன். வரும் வெள்ளி 6 மணிக்கு அதைப் பிரிக்கிறோம்.